கோஷம் போட்டு வெளிநடந்த கொம்பியூட்டர்

தோழர்களே, இன்றைக்கு எனக்கு ஒரே வேலை: ஒரு மனுவை அச்சடிப்பது.

பின்னேரம் தண்ணீர்க் கூட்டம். வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் எங்கள் வயல்கள் வெடிக்கத் தொடங்கிவிட்டன. மனு இல்லாமல் யாரையும் பேச விடமாட்டார்கள். மனு இருந்தாலும் என்னைப் பேச விட யோசிப்பார்கள்.

எங்கள் கமக்காரர் சங்கத்துக் கொம்பியூட்டர் லினக்ஸில் ஓடுகிறது. டெர்மினல் என்ற கறுப்பு யன்னலில் கட்டளை அடித்தால்தான் அதன் பிறின்டர் அசையும்.

அடித்திருந்தால் வேலை முடிந்தது. ஆனால் எத்தனை மதில்களில் எழுதிய கை இது! வெறும் கறுப்பைக் கண்டால் சும்மா இருக்குமா?

டெர்மினல் திறக்கும்போதெல்லாம் முதலில் வாசிக்கிற கோப்பு ஒன்று உண்டு. பெயர் .bashrc. அதற்குள் போய், "கடைசி வயலுக்கும் தண்ணீர் விடு!" என்று திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன்.

துண்டுப்பிரசுரம் எழுதிப் பழகியவன், முடிவுரை இல்லாமல் விடுவேனா? யன்னலை மூட வழக்கமாக அடிக்கிற exit என்ற கட்டளையைக் கடைசி வரியாகப் போட்டேன்.

சேமித்தேன். மூடினேன். சங்கச் செயலாளர் செல்வராணியைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இஞ்ச வந்து பாரும்!"

திறந்தேன். கோஷம் ஒருமுறை மின்னியது. யன்னலைக் காணோம்.

மறுபடி திறந்தேன். கோஷம். காணோம்!

"என்னண்ணை இது?"

"பழைய மெசின், பிள்ளை."

"மெசினில பிழையில்லை. அச்சு அசல் நீங்கள்தான்! போன கூட்டத்திலயும் கத்திப்போட்டு வெளிநடப்பு. நீங்கள் போனாப்பிறகுதான் ஆருக்குத் தண்ணி எண்டு முடிவெடுத்தவை."

கூட்டம் நெருங்குகிறது. அந்த வரியை அழிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியும் டெர்மினல்தான். கோப்புறைக்குள் தேடினால் அந்தக் கோப்பே இல்லை!

பரந்தன் சந்தியில் கொம்பியூட்டர் திருத்தும் மோகனுக்குப் போன் எடுத்தேன். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்:

"ஐயா, புள்ளியில தொடங்கிற கோப்பெல்லாம் தலைமறைவு. கோப்புறையில நிண்டு கொன்ட்ரோலையும் H-ஐயும் சேத்து அமத்துங்கோ, வெளியில வரும்."

தலைமறைவைப் பற்றி எனக்கே பாடம்!

அமத்தினேன். வந்தது. exit-ஐ அழித்தேன்.

"முழுசா அழியுங்கோ அண்ணை," என்று செல்வராணி மேற்பார்வை வேறு.

இப்போது டெர்மினல் கோஷம் போட்டுவிட்டு, ஓடாமல் காத்து நின்றது. மனு சுடச்சுட வந்தது.

கூட்டத்தில் வாசித்தேன். "அடுத்தமுறை பாப்பம்," என்றார் நீர்ப்பாசன அதிகாரி. விடுவேனா? மண்டபம் அதிரக் கோஷம் போட்டேன். போட்ட பழக்கத்தில் கதிரையை விட்டு எழும்பியும் விட்டேன்.

பின்னாலிருந்து செல்வராணியின் குரல்: "அண்ணை, கடைசி வரியை அழிச்சனீங்கள் எல்லோ? இருங்கோ!"

இருந்தேன்.

நான் போவேன் என்று அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகவில்லை. பேனையை உருட்டினார். அப்போதும் நான் போகவில்லை. கடைசியில், கிழமைக்கு ஒரு நாள் எங்கள் பக்கம் தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

கூட்டம் முடிந்ததும் தேத்தண்ணியும் விசுக்கோத்தும் கொடுப்பார்களாம். இத்தனை வருடப் போராட்டத்தில் இன்றைக்குத்தான் தெரியும்.