வேறு வீட்டுச் சாரா பொம்மை

மதிப்புக்குரிய சீட்ஸ்கே அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் ஜெல்லே, தாமதமான ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்துகளுடன். இங்கே அனைவரும் நலம். அப்பாவின் முழங்காலும் நலம்.

ஞாயிறன்று எங்களுக்காகக் காபியை மூன்று முறை சூடுபடுத்தினீர்கள் என்று மாமா சொன்னார். போனில் விளக்கப் பார்த்தேன். சிரிப்பில் முடியவில்லை. நாங்கள் வராமல் இல்லை, அத்தை. வந்தோம். வேறு வீட்டுக்கு.

காலையில் அப்பாவே சைக்கிளுக்குக் காற்றடித்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவார். உங்கள் மின்சார சைக்கிளை எல்லோர் முன்பும் ‘மோட்டார் வச்ச சக்கர நாற்காலி’ என்று அவர் சொன்னதிலிருந்து ஆறு வருடமாக நீங்கள் இருவரும் பேசவில்லை. அதைச் சரிசெய்யத்தான் புறப்பட்டார்.

வாய்க்கால் ஓரத்துச் சிமெண்டுப் பாதை. வெயில். முதுகில் காற்று. மாடுகள். மெதுவாகத்தான் மிதித்தோம். எதிரே வந்தவர்களுக்கெல்லாம் அப்பா வணக்கமாக ஒரு விரலை உயர்த்தினார்.

“நான் சொன்னது தப்புன்னு சொன்னாப் போதுமாடா?”

“போதும்ப்பா.”

“கொஞ்சம் தப்புன்னு சொல்லலாமா?”

“வேணாம்ப்பா.”

உங்கள் புது வீட்டை நாங்கள் பார்த்ததில்லை. பாலம் தாண்டியதும், ஐம்பது ஆகிற பெண்களுக்கு வைக்கிற சாரா பொம்மை வாசலில் நிற்கும் என்றீர்கள். நின்றது. பழைய கவுனுக்குள் வைக்கோல், கழுத்தில் ஐம்பது என்ற அட்டை. அதே பாதையில் அதே ஞாயிறன்று இன்னொரு பெண்ணுக்கும் ஐம்பது ஆகும் என்று யாருக்குத் தோன்றும்?

தோட்டத்தில் வட்டமாக நாற்காலிகள், வட்டமாக ஆட்கள், நாங்கள் வழக்கப்படி ஒவ்வொரு கையாகக் குலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போக, அவர்களும் எழுந்து எழுந்து எங்களை வாழ்த்த, யார் நீங்கள் என்று கேட்பது மரியாதையில்லை என்று அவர்கள் நினைக்க, மாமா உள்ளே வேலையாக இருப்பார், அவருக்கு இத்தனை சொந்தமா என்று நாங்கள் நினைக்க, அதற்குள் காபி வந்து, கேக்கும் வந்து, பாதியைத் தின்றும்விட்டோம்.

“அவ எங்க?” என்று அப்பா கேட்டார்.

“உள்ள காபி போடறா,” என்றார் ஒருவர்.

முகம் பார்க்காமல் சொல்வது எளிது என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்தார். சமையலறை ஜன்னலைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

“நான் சொன்னது தப்பு. அது நல்ல வண்டிதான். எதிர்க்காத்துல நீ என்னை முந்திட்டுப் போனே, அதான் எனக்குப் பொறுக்கல. உன்கூடப் பேசாம எனக்கு நல்லாவே இல்ல.”

வட்டத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். காபிக் குடுவையுடன் ஓர் அம்மாள் வெளியே வந்தார். நெடுநெடு உயரம். செம்பட்டை முடி. நீங்கள் இல்லை.

“யாருங்க இவரு?”

“உன் சொந்தம்னுல்ல நினைச்சேன்?” என்றார் அவர் கணவர்.

“நான் இப்பத்தான் பாக்கறேன்!”

அப்பா பீட்ரூட் நிறத்துக்குப் போனார். அந்த அம்மாள், பெயர் ஹிங்கே, குடுவையை மேசைமேல் வைத்தார்.

“எதுக்குன்னு தெரியல. ஆனா மன்னிச்சிட்டேன். உக்காருங்க, இன்னொரு துண்டு சாப்பிடுங்க.”

சாப்பிட்டோம். சாயங்காலம்வரை பாடவும் செய்தோம். உங்கள் வீடு அடுத்த வளைவில்தான் என்று ஹிங்கே கைகாட்டினார். அப்பா சைக்கிளை மறுபக்கம் திருப்பினார்.

“அப்பா, அத்தை வீடு அந்தப் பக்கம்.”

“அந்த மாதிரியெல்லாம் ஒருதடவைதான்டா சொல்ல முடியும். சொல்லியாச்சு. தீந்துபோச்சு.”

ஆகவே அத்தை, அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அந்தச் சொற்கள் உங்களுக்கானவை. அவர் இனி வரமாட்டார். எதிர்பார்க்க வேண்டாம்.

மாமாவுக்கு என் அன்பு. உங்கள் டயர்களில் முள் ஏறாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெல்லே

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அப்பா பார்த்துவிட்டார். “பக்கத்து ஊருக்கு எதுக்குடா தபால்தலை? நானே குடுத்துட்டு அப்படியே திரும்பிடறேன்,” என்கிறார். இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிறார். நீங்கள் இதைப் படிக்கும்போது வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே உள்ள எதுவும் தெரியாததுபோல் இருங்கள், அத்தை. முதலிலிருந்து அவரே சொல்லட்டும்.