கிளி கலைத்த ஆங்கிலம்

உருத்திரபுரம்,
18-06-1969.

அன்புள்ள மச்சான் தில்லைநாதனுக்கு,

சின்னராசா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உமது தங்கை விமலேஸ்வரியும் இரண்டு பசுக்களும் நலம். எனது வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அதைப்பற்றித் தனிக் கடிதம் எழுதவேண்டும். கொழும்பில் நீரும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இல்லாவிட்டால் நீர் பழைய புத்தகக் கடைகளில் அலைந்துகொண்டிருக்கமாட்டீர்.

நீர் அனுப்பிய நாவல் போன கிழமை தபாலில் வந்தது. "எட்டு வருடங்களுக்கு முன் நீர் கேட்டது, இப்போதுதான் கண்ணில் பட்டது, பிந்தியதற்கு மன்னிக்கவும்" என்று உள்ளே ஒரு துண்டும் வைத்திருந்தீர். மச்சான், பிந்தியதற்கு மன்னித்துவிட்டேன். அனுப்பியதற்குத்தான் மன்னிக்க முடியவில்லை. இரண்டு நாளில் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்து முடித்துவிட்டு, நேற்று முழுவதும் சோறு இறங்காமல் கிடந்தேன். உமது தங்கை முழங்கால் வலி என்று நினைத்து எண்ணெய் காய்ச்சித் தடவினா.

ஏன் என்று உமக்கு விளங்காது. அறுபத்தோராம் ஆண்டு நடந்ததை நான் உமக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

நாற்பத்தேழாவது வயதில் என்னை எம்.ஏ. வகுப்பு நுழைவுப் பரீட்சை எழுதும்படி தூண்டியவர் நீர்தான். "பி.ஏ. பாஸ் பண்ணினவருக்கு இது என்ன பெரிய காரியம்" என்று எழுதினீர். நான் பி.ஏ. பாஸ் பண்ணிய விதம் உமக்குத் தெரியாது. குறிப்புகளை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பாடமாக்கிப் போய் ஒப்புவித்துவிட்டு வந்தவன் நான். இந்தப் பரீட்சையிலோ ஆங்கிலக் கிரகித்தல் என்று ஒரு தாள். முன்பின் காணாத ஒரு பந்தியைத் தந்து, அதன்கீழே பத்துக் கேள்வி கேட்பார்கள். காணாததை எப்படிப் பாடமாக்குவது? அதற்கும் நீரே ஒரு பயிற்சிப் புத்தகம் அனுப்பினீர். நாற்பது பந்தி, நானூறு கேள்வி, ஒரு விடைகூட இல்லை.

வீட்டில் படிக்க முடியவில்லை. நான் கதிரையில் இருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினால் உமது தங்கை குசினி அடுப்படியில் இருந்து, "ஆரோட சண்டை பிடிக்கிறியள்?" என்று கேட்பா. ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் வயலுக்குப் போய், காவல் கொட்டிலில் இருந்து படித்தேன். தை மாதம், கதிர் முற்றுகிற காலம். நான் வாசிக்க வாசிக்கக் கிளிகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ஆங்கிலத்தினால் எனக்குக் கிடைத்த முதல் பயன் அது. ஆனால் பறந்த கிளிகள் பக்கத்து வயலில் போய் இறங்கின. அது ஏரம்பருடைய வயல். உமக்கு அவரைத் தெரியும்; நீர் இங்கு வந்தபோது வாய்க்காலில் விழுந்த உமது மூக்குக்கண்ணாடியை முங்கி எடுத்துத் தந்த மனிதர். இரண்டாம் நாள் அவர் வரம்பால் நடந்து வந்தார்.

"மாஸ்டர், ஒரு உதவி. கொஞ்சம் இஞ்சாலப் பக்கம் பார்த்துப் படியுங்கோவன். உங்கட கிளி முழுக்க என்ர வயலிலதான் நிக்குது."

ஒரு பந்தியை என் வயலைப் பார்த்தும் அடுத்த பந்தியை அவர் வயலைப் பார்த்தும் வாசிப்பது என்று ஏற்பாடாயிற்று. நாலைந்து நாள் போனதும் ஏரம்பர் கிளி கலைக்கத் தகரத்தைத் தட்டுவதை விட்டுவிட்டுக் கொட்டிலில் வந்து குந்திக்கொண்டார். "என்ன மாஸ்டர் சொல்லுறான்?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அந்தப் பக்கம் சைக்கிளில் சாரத்துணி விற்றுக்கொண்டு வரும் முல்லைத்தீவு மீராசாகிபுவும், "வெயில் தாழட்டும் மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காருவார். வெயில் தாழ்ந்த பிறகும் எழும்பமாட்டார்.

மச்சான், எனக்கு இன்றைக்கும் அந்தப் பின்னேரங்கள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன. நான் பந்தியைச் சொல்லிவிட்டுக் கீழே உள்ள கேள்விகளைக் கேட்பேன். இருவரும் விடை சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். பனியில் வழி தவறிய தபால்காரனைப் பற்றி ஒரு பந்தி. 'அவன் ஏன் விளக்கு வெளிச்சத்தை நோக்கிப் போகவில்லை?' என்பது கேள்வி. நான் அரை மணித்தியாலம் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மீராசாகிபு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "அது அவன் முந்தி நாய் கடி வாங்கின வீடா இரிக்கும் மாஸ்டர். நானும் உங்கட ஊர்ச் சந்தி வீட்டுக்குப் போறல்லதானே." பந்தியைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே நாய் இருந்தது. பி.ஏ. படித்தவன் கண்ணுக்கு அது படவில்லை.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இருபத்திரண்டாவது பந்தி வந்தது. நீர் இப்போது அனுப்பியிருக்கிற நாவலில் இருந்து எடுத்த துண்டு அது. இங்கிலாந்தில் அண்ணன் தம்பி இருவர், இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். ஒரு கோடையில் தம்பி வாய்க்காலை மறித்துவிட, அண்ணனுடைய பயிர் கருகிப்போகிறது. ஒன்பது வருடம் பேச்சு இல்லை. ஒரு மாரி காலத்தில் தம்பி படுக்கையாய்க் கிடக்கிறான் என்று ஆள் வந்து சொல்கிறான். அண்ணன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, தன் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான். அதோடு பந்தி முடிந்தது. ஏழாம் கேள்வி: 'தாழ்ப்பாளில் கை வைத்து நின்றபோது அவனுடைய மனநிலை என்ன? உமது சொந்த வசனத்தில் எழுதுக.'

நான் சொல்லி முடித்ததும் மீராசாகிபு தம்பியின் பக்கம் நின்றார். "தண்ணிய மறிச்சவனுக்கும் ஒரு நியாயம் இரிக்கும் மாஸ்டர். அவனை ஒருத்தரும் கேக்கல்லயே" என்றார். ஏரம்பர், "பிறகு?" என்று கேட்டார்.

"பிறகு இல்லை. அவ்வளவுதான் புத்தகத்தில."

"தாழ்ப்பாளில கை வச்ச மனிசன் திறந்தவரோ இல்லையோ?"

"தெரியாது, ஏரம்பர்."

"கேள்வி கேக்கிறவனுக்குத் தெரியுந்தானே. அவனைக் கேளுங்கோ."

அன்றைக்கு அவர் கிளி கலைக்கவே இல்லை. இருளுகிறபோது விஷயத்தை மீராசாகிபு எனக்குச் சொன்னார். ஏரம்பருக்குப் பளையில் அப்புத்துரை என்று ஒரே தம்பி. தாய் பளையில் தம்பியோடு இருந்து செத்தவ. செய்தி பிந்திக் கிடைத்து ஏரம்பர் போய் இறங்கியபோது, தம்பி தாயைச் சுடலைக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்துவிட்டான். கடைசியாக முகம் பார்க்க விடவில்லை என்று வந்தவர்தான், ஏழு வருடமாகத் தம்பியின் பெயரையே சொல்வதில்லை.

அதற்குப் பிறகு தினமும் ஏரம்பருக்கு இதே கேள்விதான். "கடிதம் வந்ததோ மாஸ்டர்?" முழு நாவலைத் தேடி அனுப்பும்படி நான் உமக்கு மூன்று கடிதம் எழுதினேன். நீரோ, மூளைக்கு நல்லது, மீன் தலை சாப்பிடும் என்று பதில் எழுதினீர். எட்டாம் நாள் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "இருக்குது ஏரம்பர், மிச்சம் புத்தகத்துக்குப் பின்னால இருக்குது, நான்தான் கவனிக்கேல்லை" என்று சொல்லிவிட்டேன். கடைசிப் பக்கங்களைத் திறந்து வேறு ஏதோ ஒரு பந்தியை ஆங்கிலத்தில் வாசித்தேன். வாசித்துவிட்டுத் தமிழில், அண்ணன் கதவைத் திறந்துகொண்டு பனிக்குள்ளால் நடந்து போனான், தம்பி அவனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், பிறகு இருவரும் ஒரே மேசையில் சூப் குடித்தார்கள் என்று சொன்னேன். இங்கிலாந்தில் வேறு என்ன குடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஏரம்பர் எழும்பிச் சாரத்தை உதறினார். "நாளைக்கு என்ர பக்கமும் கொஞ்சம் பார்த்து வாசியுங்கோ மாஸ்டர். நான் பளைக்கு ஒருக்காப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல்நாள் இரண்டு வயலையும் பார்த்து வாசித்தேன். இரண்டாம் நாளும் அவர் வரவில்லை. அப்புத்துரை கோபக்காரன், தென்னந்தோட்டக்காரன், கையில் எப்போதும் கத்தி இருக்கும் என்று மீராசாகிபு வேறு சொல்லிவைத்துவிட்டார். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் விமலேஸ்வரியிடம் உண்மையைச் சொன்னேன். அவ அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டா.

"பொய்யைச் சொல்லி ஒரு மனிசனை அனுப்பிப்போட்டு, நீங்கள் இஞ்ச இருந்து கிளி கலைக்கிறியளோ? முதல் ரயிலைப் பிடிச்சுப் போங்கோ. போய் அந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பரந்தன் ஸ்டேசனுக்குப் போனேன். நான் ஏறவேண்டிய ரயில் வருவதற்கு முன்பு எதிர்ப்பக்க ரயில் வந்தது. அதில் இருந்து ஏரம்பர் இறங்கினார். தலையில் ஒரு சாக்குத் தேங்காய். என்னைக் கண்டதும் சாக்கை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே இருந்தார்.

"அவன்ர வீட்டு வாசல் படலையடியில நிண்டன் மாஸ்டர். அவன் கிணத்தடியில நிண்டவன். ரெண்டு பேரும் வாய் திறக்கேல்லை. அவன்ர மனிசிதான் 'வாங்கோ அத்தான்' எண்டவ. சாப்பிட்டு முடியிறவரைக்கும் ஒரு கதை இல்லை. கை கழுவேக்கதான் சொன்னவன், 'அண்ணை, அம்மாவை ரெண்டு மணித்தியாலம் உனக்காக வச்சிருந்தனான். மழை இருட்டிக்கொண்டு வந்திட்டுது. பிறகு நெருப்பு மூட்டேலாது எண்டு எல்லாரும் சொல்லிச்சினம்' எண்டு." ஏரம்பர் சாக்கில் இருந்து நழுவிய தேங்காயைத் திரும்ப உள்ளே தள்ளினார். "மழை வந்தது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை மாஸ்டர்."

நான் சாக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த மாசியில் அப்புத்துரை குடும்பத்தோடு வந்து நின்று அண்ணனுடைய வயலில் கதிர் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மிச்சம் உமக்குத் தெரியும். பங்குனியில் உமது வீட்டில் தங்கிப் பரீட்சை எழுதினேன். தேனீக்களைப் பற்றிய பந்தி. முதலாம் கேள்விக்கு 'ஒரு வசனத்தில் விடை தருக' என்று இருந்தது. நான் மூன்று பக்கம் எழுதினேன். தேனீயின் நியாயத்தையும் எழுதினேன், தேன் எடுப்பவனின் நியாயத்தையும் எழுதினேன், ஏரம்பரும் மீராசாகிபுவும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்றும் யோசித்து எழுதினேன். நான்காம் கேள்வியில் மணி அடித்துவிட்டது. ஆங்கிலத்தில் நான் தவறியது மீன் தலை சாப்பிடாததால் என்று நீர் இன்றைக்கும் சொல்வதாகக் கேள்வி. அப்படியே இருக்கட்டும்.

ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. கொட்டில் இருந்த இடத்தில் இப்போது உழவு மெஷின் நிற்கிறது. மீராசாகிபு முல்லைத்தீவில் கடை போட்டுவிட்டார், சைக்கிளில் வருவதில்லை. வகுப்பில் எத்தனையோ ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறேன் மச்சான், அந்த இருவரைப்போல ஒருவரும் எனக்கு விடை சொன்னதில்லை.

இப்போது உமது நாவலுக்கு வருகிறேன். முந்நூற்றுப் பதினோராம் பக்கத்தில் அந்த இடம் வருகிறது. அண்ணன் தாழ்ப்பாளில் கை வைக்கிறான். வைத்தவன், கையை எடுக்கிறான். தொப்பியைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு, போய் அடுப்படியில் குந்துகிறான். தம்பி இரண்டு கிழமையில் செத்துப்போகிறான். அண்ணன் அடக்கத்துக்கும் போகவில்லை. மிச்சம் எண்பது பக்கமும் அவன் தனியாக இருந்து கிழவனாகிறான், அவ்வளவுதான். இதை ஏரம்பர் அறிந்தால் எட்டு வருடமாக என்னை மதித்துக் கதைத்த கதைக்கு என்ன மரியாதை? ஆகவே புத்தகத்தை அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாளைக்கே பதிவுத் தபாலில் உமக்குத் திருப்பி அனுப்புவேன். நீரும் இங்கு வரும்போது இதைப்பற்றி மூச்சு விடவேண்டாம். இது என் கண்டிப்பான வேண்டுகோள்.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். அவர்கள் எந்தப் பரீட்சை எழுதினாலும் கேட்ட அளவுக்கு மட்டும் விடை எழுதிப் பாஸ் பண்ணவேண்டும்.

இப்படிக்கு,
உமது அன்பு மச்சான்,
வே. சின்னராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது ஏரம்பர் வந்துவிட்டார். உமது தங்கை, தேத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டே, "உங்கட அண்ணன் தம்பிக் கதையின்ர முழுப் புத்தகமும் கொழும்பில இருந்து வந்திருக்குது" என்று சொல்லிவிட்டா. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"அது அண்டைக்கே தெரியும் மாஸ்டர். நீங்கள் இங்கிலீசில வாசிக்கேக்க ரெண்டு தரம் 'எலிபன்ற்' எண்டனீங்கள். அந்தச் சொல் எனக்குத் தெரியும், ஆனையிறவு ஸ்டேசன் பலகையில இங்கிலீசில 'எலிபன்ற் பாஸ்' எண்டு கிடக்குது. பனி கொட்டுற ஊரில ஆனைக்கு என்ன வேலை எண்டு யோசிச்சுப்போட்டுத்தான் இருந்தனான். ஆனாப் போறதுக்கு எனக்கு ஒரு சாட்டு வேணும்தானே."

பிறகு உண்மையான முடிவைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார். "பாவம் அந்த மனிசன்" என்றார். "மற்றப் பக்கத்து வயலில ஒருத்தரும் இருக்கேல்லைப் போல."

ஆகவே புத்தகம் திரும்பி வராது. முதலாம் அதிகாரத்தில் இருந்து தொடங்கட்டாம். அப்புத்துரையும் நாளைக்குப் பளையில் இருந்து வருகிறானாம், அவன் வரும்வரைக்கும் ஒரு பக்கமும் வாசிக்கக்கூடாதாம்.