கத்தரிப் பாத்தியில் சாமி கிடா

சுரேஷ்கண்ணன் கொல்லைக் கதவைத் திறந்தபோது கிடா ஐந்தாவது கத்தரிச்செடியில் இருந்தது. விரட்டக் கையை ஓங்கினான். அதன் கழுத்தைப் பார்த்ததும் ஓங்கிய கை அப்படியே கும்பிட்டது.

கழுத்தில் சிவப்புத் துணி, வெண்கல மணி. கெங்குவார்பட்டியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், அது கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. அடிக்கக் கூடாது, கட்டிப்போடக் கூடாது. எந்தத் தோட்டத்தில் இறங்கினாலும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். யார் நேர்ந்தது என்று கேட்கவே ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. சுரேஷ்கண்ணனோ பல்லி கத்தினாலே மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்கிற ஆள்.

"ஏங்க, கும்பிட்டது போதும், வெரட்டுங்க," என்றாள் பவானி. அவளுக்கு ஆறாவது மாதம். மருந்தடிக்காத காயாகச் சாப்பிட வேண்டும் என்று அவளே மண்ணைக் கொத்திப் போட்ட தோட்டம் அது.

"சாமி கெடா பவானி. நான் ஏதாச்சும் செஞ்சு, வயித்துல இருக்குற பிள்ளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

"அப்ப அந்தப் பிள்ளைக்கு நான் எதைத் தின்னு வளக்குறது? மணியையா?"

மறுநாள் டிராக்டர் ஷோரூமுக்கு லீவு போட்டுவிட்டுத் தோட்டத்தைச் சுற்றி வலை கட்டினான். வலை கட்டினால் கிடாவைத் தொட்டதாகாது என்று அவனுக்கு அவனே ஒரு நியாயம் வைத்திருந்தான். கிடா நேராக வந்து கொம்பை விட்டது. சிக்கிக்கொண்டதும் மிரண்டு ஒரே இழுப்பு. வலை போனது, வலையோடு அவரைப் பந்தலும் போனது. பந்தலை இழுத்துக்கொண்டு கிடா மூன்று தெரு சுற்றி வர, "சாமி, நில்லு சாமி" என்று இவன் பின்னால் ஓடினான்.

பக்கத்து வீட்டு மொக்கம்மாள்தான் அரிவாள்மனையால் வலையை அறுத்துவிட்டாள். "கருப்பன் கெடாவுக்கே வலை வச்சியாப்பா? ஏற்கனவே வீட்டுல ஒருத்தி மாசமா இருக்காளே."

அவ்வளவுதான். அன்றைக்கே அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. படுத்துக்கொண்டே யோசித்து, கிடாவைத் தாஜா செய்வது என்று முடிவெடுத்தான். காலையில் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கி வாசலில் வைத்து, "இதோட போயிரு சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். கிடா கீரையைத் தின்றது. வீட்டை நன்றாக அடையாளம் பார்த்துக்கொண்டது. அதிலிருந்து மூன்று வேளையும் வரத் தொடங்கியது.

தக்காளி காலி. கொத்தவரை காலி. மிஞ்சியது ஒரு பாத்தி வெண்டை.

"இதுல ஒரு செடி போனாலும் நான் எங்காத்தா வீட்டுக்குப் பஸ் ஏறிருவேன். பிள்ளை பெத்தும் வரமாட்டேன்," என்றாள் பவானி. அவள் சொன்னால் செய்கிறவள். அவள் சொல்லி முடிக்கவும் மணிச்சத்தம் கேட்டது.

சுரேஷ்கண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டான். இந்தப் பக்கம் கருப்பசாமி, அந்தப் பக்கம் பவானி. கண்ணை இறுக மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்ட வாளித் தண்ணீரைக் கிடாவின் மேல் வீசினான். எறும்புக்கென்று பவானி மஞ்சள் கரைத்து வைத்திருந்த வாளி அது.

கிடா தலையிலிருந்து வால்வரை உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது.

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து மொக்கம்மாள் குலவை போட்டாள். மஞ்சள் தண்ணீர் பட்டுக் கிடா உடம்பை உலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். இனி வெட்டியே ஆக வேண்டும். கால் மணி நேரத்தில் பூசாரி ஒச்சாண்டி வந்துவிட்டார். அவர் பின்னால் தெருவே வந்தது.

"உன் வீட்டுல உத்தரவு குடுத்துருக்காக. வார ஞாயித்துக்கெழமை நீதான் வெட்டிச் சோறு போடணும்," என்றார் ஒச்சாண்டி.

"பூசாரி, அவ மாசமா இருக்கா. நான் ஒரு உசுரக் கொல்லலாமா?"

"நீ கத்தியத் தொட வேணாம். திரும்பி நின்னுக்க. ஆனா தள்ளிப்போட்டா, அப்புறம் நான் பொறுப்பில்ல."

ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலில் திரும்பி நின்றான். திரும்பி நின்றும் காதைப் பொத்திக்கொண்டான். சமையல் அவன் வீட்டுக் கொல்லையில். வேறு இடமில்லாமல் வெண்டைப் பாத்தியில்தான் அடுப்பு வெட்டினார்கள்.

"கெடா மிச்சம் வச்சதையும் நீங்க முடிச்சுட்டீக," என்றாள் பவானி. ஆனால் பையை எடுக்கவில்லை. சாமி காரியத்தில் அவளுக்கும் பயம்தான்.

பந்தி நிறைந்தது. இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டே வந்த சுரேஷ்கண்ணனுக்குப் பத்து நாளில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. சாமி கேட்டது, கொடுத்தாயிற்று. பிள்ளைக்கு இனி ஒரு குறையும் வராது.

அப்போது கையில் தொரட்டியோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். மலையடிவாரத்து மாந்தோப்பில் காவலிருக்கும் சங்கிலியம்மாள்.

"தம்பி, ஒரு கெடாயப் பாத்தீகளா? செவப்புத் துணி, மணி கட்டியிருக்கும்."

பந்தியில் மெல்லுவது நின்றது. சுரேஷ்கண்ணன் கரண்டியைக் குழம்பு வாளிக்குள் போட்டான். "அது... கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டதுதானே ஆத்தா?"

"நேர்ந்ததாவது ஒண்ணாவது, ஊருக்குள்ள எவரும் அடிக்காம மேய விடட்டும்னு நான்தேன் பழைய சேலையக் கிழிச்சுக் கட்டிவிட்டேன், இப்ப எங்கன மேயுதுன்னு சொல்லுங்க, பிடிச்சுட்டுப் போறேன்."