மடுல்கெல்லைப் பூச்சி

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த அனுஷியா மேசையைப் பார்த்தாள். போத்தலைக் காணவில்லை.

"பிரேமிளா, இங்க ஒரு சின்னப் போத்தல் வச்சிருந்தேனே?"

"உள்ள ஊதா நிறத்துல ஒரு பூச்சி கிடந்துச்சே, அதுவா? லேபல் ஒட்டாம விட்டிருந்த. பக்கத்துலயே மடுல்கெல்லைத் தோட்டத்து லேபல் இருந்துச்சு. ஒட்டி சேர்கிட்ட குடுத்துட்டேன். தேங்ஸாவது சொல்லுடி."

அனுஷியா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தேயிலையைக் கடிக்கும் பூச்சிகளெல்லாம் போத்தலில் வந்து சேரும் அலுவலகம் அது. ஆனால் அந்தப் போத்தலில் இருந்தது பூச்சியே அல்ல. மேசைமேல் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்கான அரக்கன். கட்டைவிரல் நகமளவு உருவம். ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் உடல், இன்னொன்றின் கால்கள், சீப்பிலிருந்து சீவி ஒட்டிய பற்கள். இரண்டு மாதமாக அனுஷியா மெல்லிய தூரிகையால் தீட்டியது. கடைசிப் பூச்சில் தூசு படக்கூடாதென்றுதான் வெற்றுப் போத்தலுக்குள் வைத்தாள். நாலு மணிக்குள் அதை நகர மண்டபமொன்றில் போட்டிக்குக் கொடுத்தாக வேண்டும்.

அதிகாரி தியாகராஜாவின் அறைக்கு ஓடினாள்.

"சேர், அந்தப் போத்தல்..."

"வாங்கோ பிள்ளை, வாங்கோ!" உருப்பெருக்கியிலிருந்து நிமிர்ந்தவரின் கண்கள் கலங்கியிருந்தன. "பல்லைப் பாருங்கோ! மூண்டு வரிசை! எந்தப் பூச்சிக்கு இப்பிடிப் பல்லு இருக்கு? முப்பது வருசமா இந்தக் கதிரையில இருக்கிறன். ஒரு புதுப் பூச்சி கண்டனானோ? பென்சனுக்கு ரெண்டு மாசம் இருக்கேக்க கடவுள் அனுப்பியிருக்கிறார். இதுக்கு என்ர பேரைத்தான் வைப்பாங்கள்!"

அந்த முகத்தைப் பார்த்தபின் அனுஷியாவால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

"செத்த பூச்சிதானே சேர். பெரிசா எடுத்துக்க வேணாமே."

"செத்ததோ?" தியாகராஜா துள்ளி எழுந்தார். "ஒண்டு செத்துக் கிடக்கெண்டால் மற்றதெல்லாம் எங்கை?"

உடனே கைபேசியில் படம் பிடித்தார். ஹுன்னஸ்கிரியவிலிருந்து தெல்தோட்டை வரை எல்லாத் தோட்டங்களுக்கும் அனுப்பினார். 'இப்பூச்சியைக் கண்டால் பிடித்து உடனே அறிவிக்கவும்.'

மணி இரண்டரை.

அவர் முகம் கழுவப் போன நேரத்தில் அனுஷியா அரக்கனை எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டாள். வெறும் போத்தலை இருந்த இடத்தில் வைத்தாள். வாசலைத் தாண்டவில்லை, உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

"ஐயோ, ஓடிட்டுது! சாகேல்லை! உயிரோட இருந்திருக்கு!"

தியாகராஜா ஓடி வந்து வாசற்கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"ஒருத்தரும் வெளியால போகக்கூடாது! ஆரோ ஒராளின்ர உடுப்புக்குள்ளதான் பூந்திருக்கும்!"

பிரேமிளா மேசைமேல் ஏறிவிட்டாள்.

"சேர், என் சாரிக்குள்ள என்னமோ ஊருது!"

"ஆடாதேங்கோ! கடிச்சால் என்னாகுமெண்டு எனக்கே தெரியாது! மருந்தடிக்கிற ஆக்களைக் கூப்பிடுறன். கட்டடம் முழுக்க அடிக்கவேணும்!"

"எங்களையும் சேத்தா சேர்?" என்றாள் பிரேமிளா.

"வேற வழியில்லைப் பிள்ளை!"

மணி மூன்றேகால். பஸ்ஸில் நகரத்துக்கு அரைமணி நேரம். அனுஷியா கண்ணை மூடிக்கொண்டு கைலேஞ்சியை விரித்தாள்.

"சேர், இது பூச்சி இல்ல. நான் செஞ்ச பொம்மை. நாலு மணிக்குள்ள போட்டிக்குக் குடுக்கணும்."

அவர் இரண்டடி பின்னால் பாய்ந்தார். அனுஷியா அதை மேசையில் தட்டிக் காட்டினாள். டக், டக்.

"பிளாஸ்டிக்கோ?"

"ஆமாங்க சேர்."

"மூண்டு வரிசைப் பல்லும்?"

"சீப்புங்க சேர்."

தியாகராஜா கதிரையில் அப்படியே அமர்ந்தார். மேசைமேலிருந்து பிரேமிளாவின் குரல் மெல்லக் கேட்டது.

"அப்ப என் சாரிக்குள்ள ஊருனது?"

அவள் சாரியைப் பிடித்து உதறினாள்.

தியாகராஜா திறப்பை எடுத்து நீட்டினார்.

"கொண்டு ஓடுங்கோ பிள்ளை. உங்கட போட்டியாவது நடக்கட்டும். படம் பிழையெண்டு எல்லாருக்கும் நான் சொல்லுறன்."

அனுஷியா அழுதுவிடுவாள் போலிருந்தது. கும்பிட்டுவிட்டுத் திறப்பை வாங்கிக் கதவில் போட்டாள். அப்போது தியாகராஜாவின் கைபேசி அடித்தது. அதை மேசையில் வைத்தபடியே ஒலிபெருக்கியில் போட்டார். மடுல்கெல்லைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

"தம்பி, நான் அனுப்பின படம் பிழை. அப்பிடியொரு பூச்சி உலகத்திலயே..."

"படம் சரிதாங்க ஐயா. மூணு பிடிச்சுப் போத்தல்ல போட்டிருக்கோம். கொஞ்சம் வெரசா வாங்க, மூடியத் தின்னுக்கிட்டு இருக்கு."