இடது இடுப்பில் ஒரு கை

தண்ணீருக்குள் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது நெடுமாறனின் உடம்பு. முதுகில் காற்று சிலிண்டர், நெஞ்சில் ஊதுகிற ஜாக்கெட், இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட். இத்தனையும் மாட்டியும் ஆள் தேங்காய் நெற்று மாதிரி மிதந்துகொண்டிருந்தான்.

"மூச்ச அடக்காதீங்க நெடுமாறன்! வுடுங்க! வுட்டாதான் எறங்குவீங்க" என்று கரையிலிருந்து கத்தினார் பயிற்சி கொடுக்க வந்த கொளஞ்சிநாதன்.

நெடுமாறன் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கினான். "தண்ணிக்குள்ள போய் மூச்சு வுட்டா செத்துடுவேனே சார்!"

"அடக்கினாதாங்க சாவீங்க. அதுக்குத்தான முதுவுல சிலிண்டர் கட்டியிருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து நெடுமாறன் சுரங்கத்தின் பம்ப் செக்‌ஷனில் கான்ட்ராக்ட். மண் எடுத்து முடித்த பழைய குழியில் தேங்கிய தண்ணீரை இறைப்பது அவன் வேலை. உறிஞ்சுகிற குழாயின் வாயில் அடிக்கடி சேறு அடைத்துக்கொள்ளும். இனி அடியில் போய் அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் அந்த இடம், அதுவும் பர்மனென்ட் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை டெஸ்ட். தோற்றால் வெளியூர் ஆள் வருவான், நெடுமாறனுக்கு இருக்கிற கான்ட்ராக்டும் போய்விடும்.

டெஸ்ட் என்னவோ கேட்க சுலபமாகத்தான் இருந்தது. நடுத்தண்ணீரில் பாயில் குப்புறப் படுத்த மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். தலை, இடுப்பு, கால் எல்லாம் ஒரே மட்டம். கால் தொங்கினால் அடிச்சேறு கலங்கி ஒன்றும் தெரியாது.

"மூச்ச இழுத்தா கொஞ்சம் மேல, வுட்டா கொஞ்சம் கீழ. அவ்ளோதான் வித்தை" என்றார் கொளஞ்சிநாதன்.

பெல்ட்டில் இன்னும் ஈயம் ஏற்றினார்கள். இறங்கினான். டீத்தண்ணி நிறத்தில் இருட்டு. காதுக்குள் தன் மூச்சு மட்டும் கேட்டது. அப்போதுதான் இடது இடுப்பை யாரோ பிடித்தார்கள்.

முரட்டுப்பிடி இல்லை. ஓடுகிற பஸ்ஸில் கம்பி எட்டாதவன் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொள்வானே, அந்தப் பிடி. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது.

அலறிக்கொண்டு மேலே வந்தான். "சார், இடுப்ப ஏன் சார் புடிக்கிறீங்க?"

கொளஞ்சிநாதன் கையில் டீ கிளாஸ் இருந்தது. "நான் எங்கங்க எறங்குனேன்? இங்கதான் குடிச்சிகினு இருக்கேன்."

இடப்பக்க ஈயத்தைக் கழற்றினார்கள். அப்போதும் சாய்ந்தான். எல்லா ஈயத்தையும் வலப்பக்கம் மாற்றினார்கள். செத்த கரப்பான்பூச்சி போல மல்லாந்துவிட்டான். பயத்தில் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றினான், விர்ரென்று மேலே கிளம்பிவந்து பம்ப் நிற்கிற மிதவையில் மண்டையை இடித்துக்கொண்டான்.

கூட வேலை செய்யும் சிங்காரவேல் வீக்கத்தில் ஐஸ் வைத்தான். "கண்ணையனா இருக்கும் மச்சான்" என்றான், ஏதோ ஷிப்ட் மாறி வந்த ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

"எந்தக் கண்ணையன்?"

"நீ வர்றதுக்கு முன்ன உன் எடத்துல பம்ப் ஓட்டினவன். கால் வழுக்கி உள்ள போனான். நீச்சல் தெரியாது. ஒடம்பு கெடைக்கவேயில்ல. பாவம், மேல வர யாரையாவது புடிச்சிக்கிறானோ என்னவோ."

நெடுமாறன் நேரே கடைக்குப் போனான். கண்ணையனுக்குப் பிடித்த பீடி எது என்று விசாரித்து, ஒரு கட்டும் தீப்பெட்டியும் வாங்கிக் கரையில் வைத்துக் கும்பிட்டான். மறுநாள் அந்தப் பிடி இன்னும் உரிமையோடு இருந்தது.

சனிக்கிழமை வந்தது. அதிகாரி ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நெடுமாறன் இறங்கினான். இறங்கினான் என்ன, நேராக அடிச்சேற்றில் போய்க் குத்தினான். ஜாக்கெட்டில் காற்று ஏற்றியும் எழவில்லை. சிலிண்டரில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள்.

"சார், வுட்டுடுங்க சார்! எனக்கு வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

கொளஞ்சிநாதன் சந்தேகத்தோடு ஜாக்கெட்டைத் தடவினார். இடப்பக்கப் பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே இரண்டு எடைக்கற்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோ, அசல் இரும்பு.

சிங்காரவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், இது உன் பொண்டாட்டி மணிமொழி காய்கறி நிறுக்கிற கல்லுடா! வூட்ல ஜாக்கெட்ட அலசிக் காயப்போடறது அதுதான? இரும்பு கூட இருந்தா பேய் அண்டாதுன்னு போட்டிருக்கு. இடப்பக்கம் இழுத்த கண்ணையன் இதாண்டா!"

அதிகாரியே சிரித்துவிட்டார். "இன்னொரு தரம் எறங்குப்பா."

அடடா, என்ன ஒரு நிம்மதி! நெடுமாறன் கற்களைக் கரையில் எடுத்துப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினான். மூச்சை இழுத்தான், மெல்ல எழுந்தான். விட்டான், மெல்லத் தாழ்ந்தான். தலை, இடுப்பு, கால் ஒரே மட்டம். இடது இடுப்பில் அந்தப் பிடி லேசாக இருக்கத்தான் செய்தது. பெல்ட்டு வார் உறுத்துகிறது போல என்று விட்டுவிட்டான். சேறு ஒரு துளி கலங்கவில்லை.

"பாஸ்" என்றார் அதிகாரி. "திங்கக்கிழமையிலேர்ந்து டெய்லி எறங்கணும். பர்மனென்ட்."

வாசலில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மணிமொழி விஷயத்தைக் கேட்டதும் அழுதேவிட்டாள். குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, எந்த பிளாக்கில் கிடைக்கும் என்று அடுக்கடுக்காய்க் கேட்டாள். நெடுமாறன் எடைக்கற்களை அவள் முன்னால் டொக்கென்று வைத்தான்.

"எல்லாம் கெடைக்கும். ஏன்டி, தெனமும் இதப் பையில போட்டு என்னக் கொல்லப் பாத்தியே, உனக்கு நல்லா இருக்கா?"

மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"தெனமுமா? கண்ணையன் இழுக்கிறான்னு நீங்க எங்கிட்ட வாயத் தொறந்ததே நேத்து சாயந்தரந்தானங்க. அதுக்கப்புறந்தான் மொத மொதல்ல போட்டேன்."