எட்டு எம்.எம். பிளவுஸ்

ஏலக்காயைத் தரம் பிரிக்கத் தெரிந்தவனுக்கு இந்த உலகத்தில் தரம் பிரிக்க முடியாத பொருளே கிடையாது என்று நாற்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். (கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் ஒரு மனிதனுக்கு இவ்வளவு தன்னம்பிக்கை மிச்சம் இருந்திருக்கிறது, பாருங்கள்.)

போடியில் எனக்கு ஏலக்காய்க் கடை. பக்கத்துத் தெருவில் என் மனைவி வசந்தி பெண்களுக்கான பொட்டிக் வைத்திருக்கிறாள். குர்தி, சுடிதார், ஆரி ஒர்க் பிளவுஸ் என்று அந்த வட்டாரமே அவளிடம்தான் வரும். ஒருநாள் லேஸ் வாங்கத் தேனிக்குக் கிளம்பியவள் கடைச் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"ஏங்க, போடிமெட்டுக் கல்யாண வீட்டு ஜீப்பு மூணு மணிக்கு வரும். மேசை மேல இருக்க கவர மட்டும் குடுத்து விட்ருங்க. நாளைக்குக் காலையில முகூர்த்தம். வேற எதையும் தொட்றாதீங்க, சொல்லிட்டேன்."

ஒரு மணி நேரம் தொடவில்லை. அதற்கு மேல் கண் உறுத்தியது. தைத்து முடித்த பிளவுஸ்கள் தாறுமாறாகத் தொங்கின. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, ஒல்லிக்குப் பக்கத்தில் குண்டு. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு. எங்கள் தொழிலில் மூட்டை கைக்கு வந்துவிட்டால் அது யார் தோட்டத்துக் காய் என்று எவனும் பார்ப்பதில்லை. கொட்டு, சல்லடையில் போடு, நிறம் பார், எட்டு எம்.எம். தனி, ஏழு எம்.எம். தனி.

கொட்டினேன். மேசை மேலிருந்த கவரையும் சேர்த்துத்தான். சீட்டுகளையெல்லாம் குண்டூசியோடு பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டேன். முத்தும் ஜரிகையுமாக மின்னியதெல்லாம் முதல் தரம். வேலைப்பாடு இல்லாதது ரெண்டாம் தரம். குவியல்களைப் பார்க்கவே அவ்வளவு அழகு! வசந்தி வந்து அசந்துபோவாள் என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. அப்போதுதான் எனக்கு ஒரு சின்னக் கேள்வி எழுந்தது. கவருக்குள் இருந்தது இதில் எது?

வசந்திக்குப் போன் போட்டேன். மேசை டிராயருக்குள் மணி அடித்தது.

முகூர்த்தத்துக்குப் பெண்ணுக்குப் பிளவுஸ் போய்ச் சேராவிட்டால் வசந்தியின் கடைப் பெயர் என்ன ஆகும்? என் பெயர்தான் என்ன ஆகும்? கல்யாணப் பெண் என்றால் அரக்குச் சிவப்பு. முதல் தரத்தில் நான்கு அரக்கு இருந்தன. நான்கையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடையைப் பூட்டி, நானே ஜீப்பில் ஏறிவிட்டேன்.

உள்ளே பூக்கூடை, வாழைத்தார், எதிர் சீட்டில் பெண்ணின் சித்தி பேச்சியம்மா.

"என்ன தம்பி, நீங்களே வர்றீக?"

அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். "யக்கா, இந்த நாலுல ஒண்ணு பொண்ணோடது இல்லேன்னா என்ன செய்ய?"

"ஆத்தாடி! அப்ப எம்புள்ள எதப் போட்டுக்கிட்டு மணையில உக்காரும்?"

"அப்படிச் சொல்லாதீக யக்கா, நீங்களே ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

"மாப்ள வீட்டாளுக வேற ஒரு மாதிரியான ஆளுக, தம்பி."

மலைப்பாதையில் வளைவுக்கு ஒன்றாகப் பேச்சியம்மா எடுத்து விரித்துப் பார்த்தார். "இதுக்குள்ள ரெண்டு பொண்ணு நொழையலாம்... இது அவ கைக்கே பத்தாது... கழுத்த இம்புட்டு மூடியிருக்கே, இத யாரு தம்பி, டீச்சரா போடப் போறாக?"

டிரைவரிடம், "அண்ணே, வெரசா போங்க!" என்று கத்தினேன். அடுத்த கொண்டை ஊசியில் வாழைத்தார் என் மடியில் வந்து உட்கார்ந்தது. பேசாமல் போடிமெட்டு எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்குள் ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். (எனக்குத் தெரிந்த மலையாளம் ஏலக்காய் விலை கேட்க மட்டும்தான் உதவும்.)

கல்யாண வீட்டில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மணப்பெண். அரக்குச் சிவப்பில், அளவெடுத்த மாதிரி ஒரு ஆரி ஒர்க் பிளவுஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அவளுடைய அம்மா என்னிடம் ஓடி வந்தார்.

"வாங்கண்ணே! எனக்குத் தச்ச பச்சப் பிளவுஸக் கொண்டாந்தீகளா?"

பச்சை! வேலைப்பாடு இல்லாத பச்சை! ரெண்டாம் தரக் குவியலில், போடியில், பூட்டிய கடைக்குள்!

மறுநாள் அந்த அம்மா நான் கொண்டுபோன நான்கில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் மேடையில் நின்றார். அது பொட்டிபுரத்து டீச்சருடையது. டீச்சருக்கு வசந்தி புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தாள். இன்றைக்கும் நான் பொட்டிக் வாசலில் நின்றால், கடை நிறைய ஆள் இருக்கும்போதுதான் கேட்பாள்: "என்னங்க, இந்தக்காவுக்கு எட்டு எம்.எம். போடவா, ஏழு போதுமா?"

உண்மையில் நடந்தது இதுதான். மணப்பெண்ணின் பிளவுஸ் முந்தின நாளே மலையேறிவிட்டது. கடைக்கு வந்து அதைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர் பேச்சியம்மா.