சீட்டோடு வந்த மாமனார்

கல்யாணம் நிச்சயமான ஆண்பிள்ளைக்குத் தன்னால் முடியாத வேலை என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. முகூர்த்தம் வரைக்கும் அவனை ஓர் அறையில் பூட்டி, வேளாவேளைக்குச் சோறு மட்டும் போடுவது இரண்டு குடும்பத்துக்கும் நல்லது. என்னை யாரும் பூட்டவில்லை. அதனால்தான் தொண்ணூறுகளின் கடைசியில், வருங்கால மாமனாரின் பழைய காருக்கு சீட் பெல்ட் போட்டுத் தருகிறேன் என்று நானாகவே போய் வாயைக் கொடுத்தேன்.

மாமாவுக்குத் தங்கச் சுரங்கத்து ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடை. கார், சுரங்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது மாமாவின் அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனது. மாமா அதை வேறு யாரையும் ஓட்ட விடமாட்டார். (அவர் ஓட்டுவதையும் ஓட்டுவது என்று சொல்லிவிட முடியாது.) பிரேக்கை மிதிக்கமாட்டார், உதைப்பார். முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து ஊரிகம் ஸ்டேஷன் வரை போய்வருவதற்குள் என் நெற்றி புடைத்துவிட்டது.

"மாமா, பெல்ட் ஒண்ணு போட்டுட்டா பயமே இல்ல. நானே போட்டுடுவேன்," என்றேன்.

மாமாவுக்கு என் மேல் ஏற்கெனவே சந்தேகம். அவர் தேடியது கடை கண்ணி வைத்திருக்கிற மாப்பிள்ளை. கிடைத்ததோ, தொழிற்சாலையில் உட்கார்ந்து புல்டோசருக்குப் படம் வரைகிற நான். (ஸ்பேனரைக்கூட அழகாக வரைவேன். பிடிக்கத்தான் தெரியாது.)

"போடுங்க மாப்ளே. ஆனா ஒண்ணு. வண்டில எங்கனா ஓட்டை கீட்டை உழுந்துச்சு, கல்யாணத்த நிறுத்திடுவேன்," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

விஷயம் தெரிந்ததும் சுமதி, அதாவது கல்யாணப் பெண், கடையிலிருந்து போன் செய்தாள். "இன்னாங்க, சும்மா இருக்கமாட்டீங்களா? எங்கப்பா என்னைக்கூடத் திட்டிடுவாரு, அந்த வண்டிய ஒரு வார்த்தை சொல்லமாட்டாரு. அதுல கை வைக்காதீங்க."

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பழைய இரும்புக்கடையில், பிரித்துப்போட்ட ஏதோ புல்டோசரின் பெல்ட் ஒன்று கிடைத்தது. இடுப்பை மட்டும் பிடிக்கிற பெல்ட்தான், ஆனால் யானையைக் கட்டலாம். மரியாதையாக இருக்கட்டும் என்று அதை மாமாவின் சீட்டுக்கே போட்டேன். முறைப்படி கார் தரையில் ஓட்டை போட்டு முடுக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் கல்யாணம் நின்றுவிடும். சீட்டுக்கு அடியில் இரும்புச் சட்டம் இருக்கிறதே, அதிலேயே முடுக்கினால் என்ன என்று தோன்றியது. முடுக்கிவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பக்கிள் மட்டும் துருவேறிக் கிடந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அதற்கு மஞ்சள் பெயிண்டைத் தாராளமாக அடித்தேன். பார்க்க மங்களகரமாக இருந்தது.

காலையில் மாமா என்னை அழைத்துப்போக வந்தபோதே பெல்ட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். "ஏறுங்க மாப்ளே. பரவால்ல, நல்லா கெட்டியாத்தான் கீது," என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. பங்காருபேட்டை மண்டபம் போய்ச் சேரும்வரை நான் பின்சீட்டில் மிதந்துகொண்டிருந்தேன்.

மண்டப வாசலில் கார் நின்றது. எல்லோரும் இறங்கினோம். மாமா இறங்கவில்லை.

"மாப்ளே, இது வரலியே."

பாதி காய்ந்த பெயிண்ட் உள்ளே இறங்கிப் பசை மாதிரி பக்கிளைப் பூட்டியிருந்தது. நான் அழுத்தினேன், இழுத்தேன், பல்லைக் கடித்தேன். என் நண்பன் செல்வம் வந்து குத்தினான். மாமாவின் பட்டுச்சட்டையில் மஞ்சள் ஏறியதே தவிர பக்கிள் அசையவில்லை. தொப்பையைக் கடந்து உருவவும் வழியில்லை. சட்டத்தில் முடுக்கியதைக் கழற்றலாம் என்றால் ஸ்பேனர் வீட்டில். உள்ளே ஐயர், "பொண்ணோட அப்பாவைக் கூப்பிடுங்கோ, தாரை வார்க்கணும், நேரமாகறது," என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

செல்வம் சமையற்கட்டுக்கு ஓடிப்போய்க் கத்தியோடு வந்தான். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, வாசலிலேயே மறித்தாள். "முகூர்த்த நேரத்துல கத்தியா? கல்யாண வாசல்ல எதையும் அறுக்கக் கூடாது. தூர எடுத்துட்டுப் போ."

பெண்ணின் அப்பா காரில், பெண் மணவறையில், நான் நடுத்தெருவில். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த சீட்டைத் தரையோடு பிடித்திருந்தது, கையாலேயே திருகிக் கழற்றுகிற நாலு பட்டர்ஃப்ளை நட்டுதான்.

"மாமா, அசையாம உக்காருங்க."

"வேற எங்க போறது?" என்றார்.

ஒரு பக்கம் செல்வம், ஒரு பக்கம் பட்டுவேட்டியில் நான். சீட்டோடு மாமாவைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தோம். இது அந்தக் குடும்பத்து வழக்கம் போலிருக்கிறது என்று மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். பாதி வழியில் மாமா வாயைத் திறந்தார்.

"ஏம்பா." (மாப்ளே போய்விட்டது.) "பெல்ட்டு என்னை சீட்டோட கட்டிச்சு. சரி. சீட்டு கைல கழண்டு வருது. வழில நான் எங்கனா மோதியிருந்தா?"

"நீங்களும் சீட்டும் ஒண்ணாப் போயிருப்பீங்க மாமா," என்றான் செல்வம். நான் தரையைப் பார்த்து நடந்தேன்.

மணவறையில் எல்லோரும் மணையில், மாமா மட்டும் தோல் சீட்டில். சுமதி மாலைக்குள் முகத்தை மறைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் தாரை வார்க்க அவள் கையை எடுத்து என் கையில் வைத்தபோது மாமாவுக்கு உதடு துடித்தது. அழுகை வந்தால் பின்பக்கமாக எழுந்து போய்விடுவதாக முன்னமே அத்தையிடம் சொல்லி வைத்திருந்தாராம். எழுந்திருக்க முடியவில்லை. ஊரே பார்க்க, குழந்தை மாதிரி அழுதார். "நல்லா பாத்துக்கோப்பா," என்றார். அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

தாலி கட்டினேன். மனைவியாகி சுமதி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது: "பெயிண்ட்டுதானே? சமையல்காரர்கிட்ட மண்ணெண்ணெய் இருக்கும்ல?"

இருந்தது. ஓமகுண்டத்திலிருந்து தூரமாகத் தூக்கிப்போய்த் துணியில் நனைத்துத் துடைத்ததும் பக்கிள் திறந்துகொண்டது.

மறுவாரம் மாமா கூப்பிட்டு அனுப்பினார். பயந்துகொண்டே போனேன். காரைக் காட்டி, "தரையில ஓட்டை போட்டு ஒழுங்கா முடுக்கு. நீயே பண்ணு," என்றார். 'நீங்க' அன்றோடு போனதுதான், திரும்பி வரவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் என் மகளுக்கு நிச்சயம் ஆனது. பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பந்தியில் உட்கார்ந்தவன் பக்கத்து இலையில் இருந்த மாமாவிடம், "தாத்தா, உங்க காருக்குப் பின்னாடி ஒரு கேமரா வெச்சா ரிவர்ஸ் எடுக்க ஈஸி. நானே போட்டுத் தரேன்," என்றான். பந்தி மொத்தமும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

மாமா மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "தாராளமா போடு தம்பி. மொதல்ல தாலியக் கட்டு, அப்பால போடு."